நெரிசலிலும் ஆயுசு கெட்டி: ஹாங்காங்கின் நிலம், மக்கள், மருத்துவம்

பத்துக்குப் பன்னிரண்டு அறை என்று சொல்வோமே, அந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அடுப்பு, கழிப்பறை, கட்டில், துணிக்கொடி, பள்ளிக்குப் போகும் பிள்ளையின் புத்தகப்பை எல்லாம் இருக்க வேண்டும். ஹாங்காங்கில் பழைய கட்டடங்களின் வீடுகளைத் தடுப்புச் சுவர் வைத்து மூன்றாக, நான்காகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள். கான்டனீஸ் மொழியில் இவற்றுக்கு ‘தோங் ஃபோங்’ என்று பெயர். ஆட்டையோ மீனையோ வெட்டிக் கூறு போடுவதைக் குறிக்கும் சொல் அது. கூறுபோட்ட அறை என்று தமிழில் சொல்லலாம். 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இப்படி ஒரு லட்சத்து எட்டாயிரம் அறைகள் இருந்தன. அவற்றில் இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். அறையின் இடைநிலைப் பரப்பு 11 சதுர மீட்டர், அதாவது 120 சதுர அடிக்கும் சற்றுக் குறைவு.

அதே ஊரில், அதே ஆண்டில், ஆண்களின் சராசரி ஆயுள் 83 வயதைத் தாண்டியிருந்தது. பெண்களுக்கு ஏறக்குறைய 88. உலகத்தில் மிக நீண்ட காலம் வாழ்வோர் யார் என்று பட்டியல் போட்டால், ஜப்பானோடு தோளுரசி நிற்கும் ஊர் இது. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை இரண்டுக்கும் குறைவு.

காற்று நுழையாத அறைகளும் தொண்ணூறைத் தொடும் ஆயுளும் ஒரே ஊரில் எப்படி இருக்க முடிகிறது? ஹாங்காங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டுவிடுகிறார்கள். குறைந்த வரி, தாராளச் சந்தை, அதனால் வளம் என்பது ஒரு கதை. கூண்டு வீடுகள், ஏற்றத்தாழ்வு என்பது இன்னொரு கதை. இரண்டுக்கும் வேர் ஒன்று என்பதுதான் என் எண்ணம். நிலத்தை அரசு எப்படிக் கையாண்டது என்பதைப் பிடித்துக்கொண்டால் மக்கள்தொகை, பொருளாதாரம், மருத்துவம் மூன்றும் ஒரே நூலில் கோத்துக்கொண்டு வரும்.

நிலம் இல்லாத ஊரா?

ஹாங்காங்கின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,110 சதுர கிலோமீட்டர். மக்கள் 75 லட்சம். சதுர கிலோமீட்டருக்கு 6,700 பேர் என்று கணக்கு வரும். இந்தச் சராசரி நம்மை ஏமாற்றிவிடும். கட்டடங்களும் சாலைகளும் உள்ள நிலம் மொத்தத்தில் கால் பங்குதான். ஏறக்குறைய 40 விழுக்காடு நிலம் காட்டுப் பூங்காக்களாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 1976இல் வந்த சட்டம் அதற்கு அடித்தளம். மீதி, செங்குத்தான மலைச்சரிவு, சதுப்பு, கைவிட்ட வயல். ஆக, எழுபத்தைந்து லட்சம் பேரும் அந்தக் கால் பங்கில்தான் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறார்கள். க்வுன் டொங் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அங்கிருந்து பேருந்து பிடித்து அரை மணி நேரம் போனால், ஆள் அரவமே இல்லாத மலைப்பாதையில் நடக்கலாம்.

இடம் இல்லை என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, இடத்தை யார், எவ்வளவு, எந்த விலைக்கு விட்டார்கள் என்பது. 1842இல் நான்கிங் உடன்படிக்கையின்படி ஹாங்காங் தீவு பிரிட்டனுக்குப் போனது. 1860இல் கவுலூன் முனை சேர்ந்தது. 1898இல் வடக்கே இருந்த ‘புதிய பிரதேசங்கள்’ 99 ஆண்டுக் குத்தகைக்கு வந்தன. 1997 ஜூலை 1இல் எல்லாமே சீனாவுக்குத் திரும்பியதற்கு அந்தக் குத்தகைக் கணக்குதான் காரணம். தொடக்கத்திலிருந்தே அங்கே நிலம் அரசுக்குச் சொந்தம். யாரும் விலைக்கு வாங்க முடியாது, குத்தகைக்கு எடுக்கலாம். விதிவிலக்கு ஒன்றுதான்: செயின்ட் ஜான் பேராலயம் நிற்கும் நிலம்.

ஆட்சி மாறியும் இந்த ஏற்பாடு மாறவில்லை. அரசு நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏலம் விடும். கட்டுமான நிறுவனங்கள் பெருந்தொகை கட்டி எடுக்கும். அந்தத் தொகை கருவூலத்துக்குப் போகும். 2017-18 நிதியாண்டில் நிலக் குத்தகைத் தொகையாக மட்டும் 16,480 கோடி ஹாங்காங் டாலர் வந்தது, மொத்த வருவாயில் கால் பங்குக்கு மேல். இப்படி வருமானம் வந்ததால்தான் மற்ற வரிகளைக் குறைவாக வைத்திருக்க முடிந்தது. நிறுவனங்களின் முதல் 20 லட்சம் டாலர் லாபத்துக்கு 8.25 விழுக்காடு, அதற்கு மேல் 16.5 விழுக்காடு. விற்பனை வரி, ஜி.எஸ்.டி. எதுவும் கிடையாது. 2006இல் ஒருமுறை ஜி.எஸ்.டி. கொண்டுவரப் பார்த்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டில் கைவிட்டார்கள்.

குறைந்த வரி என்று ஊரெல்லாம் புகழ்கிறார்களே, அந்த வரியை மக்கள் வேறு வழியில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வீட்டு வாடகையில், கடை வாடகையில், அந்த வாடகை ஏறிய நூடுல்ஸ் கிண்ணத்தின் விலையில். நிலவிலை விழுந்தால் அரசுக்கு நட்டம், வங்கிக்கு நட்டம், ஏற்கெனவே வீடு வாங்கிவிட்ட நடுத்தரக் குடும்பத்துக்கும் நட்டம். வீடு இல்லாதவர்களுக்கு மட்டுமே லாபம். இந்த நான்கு தரப்பில் யார் குரல் எடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தீயும் தண்ணீரும்

இவ்வளவு மக்கள் எங்கிருந்து வந்தார்கள்? 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை பிடித்தபோது ஹாங்காங்கில் ஏறத்தாழ 16 லட்சம் பேர். போர் முடிந்த 1945இல் மிஞ்சியவர்கள் ஆறு லட்சம். அப்புறம் சீனாவில் உள்நாட்டுப் போர், 1949இல் ஆட்சி மாற்றம். ஐந்தே ஆண்டுகளில் மக்கள்தொகை 20 லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்கள் தகரமும் பலகையும் வைத்து மலைச்சரிவுகளில் குடிசை போட்டார்கள்.

1953 கிறிஸ்துமஸ் இரவு ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி பற்றி எரிந்தது. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் ஒரே இரவில் தெருவுக்கு வந்தார்கள். அதுவரை அகதிகள் ஒருநாள் திரும்பிப் போய்விடுவார்கள் என்ற நினைப்பில் இருந்த காலனி அரசு, அந்த இடத்திலேயே ஏழு மாடிக் குடியிருப்புகளைக் கட்ட ஆரம்பித்தது. பெரியவர் ஒருவருக்கு 24 சதுர அடி, பத்து வயதுக்குக் கீழான பிள்ளைக்கு அதில் பாதி. இதுதான் ஒதுக்கீடு. பாய் விரித்துப் படுத்தால் சரியாகப் போய்விடும். குழாயும் கழிப்பறையும் பொது. ஆனால் கூரை எரியாது, சுவர் சரியாது, வாடகை கட்டக் கூடியது. அந்த முதல் கட்டடங்களில் ஒன்றை, மெய் ஹோ ஹவுஸ் என்பதை, இடிக்காமல் காத்து இன்று தங்கும் விடுதியாக வைத்திருக்கிறார்கள்.

அங்கே தொடங்கியது இன்றும் தொடர்கிறது. ஹாங்காங் மக்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் அரசு கட்டிய வாடகை வீடுகளிலோ அரசு மானியத்தில் விற்ற வீடுகளிலோ வாழ்கிறார்கள். தாராளச் சந்தையின் தலைநகரம் என்று பெயரெடுத்த ஊரில் பாதிப் பேருக்குக் கொஞ்சம் குறைய அரசுக் கூரையின் கீழ். இதைச் சொல்லாமல் ஹாங்காங்கின் பொருளாதார வெற்றியைப் பேசுவது குறைப் பேச்சு. 1960களிலும் 70களிலும் நெசவாலை, பிளாஸ்டிக் பூ, பொம்மை, கைக்கடிகாரம் என்று தொழிற்சாலைகள் பெருகியபோது, குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்ததற்கு அந்த மலிவு வாடகையும் ஒரு காரணம். முதலாளி கொடுக்க வேண்டிய வீட்டுச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொண்டது.

தண்ணீர்க் கதையும் இப்படித்தான். 1963இல் வறட்சி. நான்கு நாளுக்கு ஒருமுறை, நான்கு மணி நேரம் மட்டும் தண்ணீர். குடமும் வாளியும் தூக்கிக்கொண்டு தெருக்குழாயில் வரிசை கட்டி நின்ற பெண்களின் படங்களைப் பார்த்தால் நமக்கு விளக்கம் தேவைப்படாது. 1965 முதல் எல்லைக்கு அப்பால் சீனாவின் டோங்ஜியாங் ஆற்றிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது. இன்று நன்னீரில் முக்கால் பங்கு அதுதான். இன்னொரு ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். 1950களின் கடைசியிலிருந்தே கழிப்பறைகளுக்குத் தனிக் குழாயில் கடல்நீர் கொடுக்கிறார்கள். இன்று ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கழிப்பறையில் ஊற்றுவது உப்புத் தண்ணீர். நன்னீரைச் சாக்கடையில் விடாத ஒரு பெருநகரம்! கடலோரத்தில் இருந்துகொண்டு கோடையில் லாரிக்குக் காத்திருக்கும் ஊர்கள் இதை என்றைக்கோ பார்த்துப் படித்திருக்க வேண்டும்.

1978க்குப் பிறகு சீனா கதவைத் திறந்ததும் தொழிற்சாலைகள் எல்லை தாண்டி ஷென்ஜனுக்கும் குவாங்டோங் மாகாணத்துக்கும் போயின. இன்று ஹாங்காங்கின் உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டுக்கு மேல் சேவைத் துறைகள்: வங்கி, பங்குச்சந்தை, கப்பல், சட்டம், சுற்றுலா. தொழிற்சாலை உற்பத்தி ஒரு விழுக்காடு அளவுக்குச் சுருங்கிவிட்டது. தலைக்கு ஆண்டு வருமானம் ஐம்பதாயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டும். ஹாங்காங் டாலரின் மதிப்பு 1983 அக்டோபர் முதல் அமெரிக்க டாலருக்கு 7.80 என்று கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. பணம் போட வருகிறவனுக்கு அது நிம்மதி. மறுபக்கம், வட்டி விகிதம் அமெரிக்கா போகிற போக்கில் போகும். ஊரில் தேக்கம் இருந்தாலும் வட்டியைத் தானாகக் குறைக்க முடியாது.

தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் நாற்பது வயதில் எங்கே போனார்கள்? உணவகத்தில் தட்டு கழுவ, கட்டடங்களைத் துப்புரவு செய்ய, காவலாளியாக இருக்க. மேலே நிதித் துறை, கீழே துப்புரவு, நடுவில் இருந்த ஆலை வேலை காணாமல் போயிற்று. வருமான ஏற்றத்தாழ்வைக் காட்டும் கினி குறியீடு 2016இல் 0.539, வளர்ந்த பொருளாதாரங்களில் இது மிக உயரம். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி என்ற ஒன்று 2011 மே மாதம்தான் வந்தது. அன்று மணிக்கு 28 ஹாங்காங் டாலர்.

நெரிசல் கற்றுக்கொடுத்த மருத்துவம்

இந்த ஊரின் உடல்நல வரலாற்றைத் தொற்றுநோயில்தான் தொடங்க வேண்டும். 1894இல் தாய் பிங் ஷான் பகுதியில் பிளேக் பரவியது. ஒரே அறையில் பல குடும்பங்கள், காற்றோட்டம் இல்லாத வீடுகள், கழிவுநீர்ப் போக்கு கிடையாது. அந்த ஆண்டு ஜூன் மாதம் அலெக்சாந்தர் யெர்சின் என்ற மருத்துவர் அங்கே ஓலைக்கொட்டகை போட்டுக்கொண்டு பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தார். அரசு அந்தப் பகுதியை அப்படியே இடித்துத் தள்ளியது. இன்று அங்கே ஒரு பூங்கா இருக்கிறது. கிருமி அதோடு நிற்கவில்லை. 1896இல் பம்பாயில் இறங்கி, இந்தியாவில் லட்சம் லட்சமாக உயிர்களைக் கொண்டுபோனது.

அடுத்தது காசநோய். 1950களில் ஹாங்காங்கில் அதிக உயிர்களைப் பறித்தது இதுதான். மகளைக் காசநோய்க்குப் பறிகொடுத்த ஜெஹாங்கிர் ருத்தோன்ஜி என்ற பார்சி வணிகர் 1949இல் வான் சாய் பகுதியில் காசநோய் மருத்துவமனை ஒன்றைத் திறந்துவைத்தார். அவர் குடும்பப் பெயரில் இன்றும் அது பொது மருத்துவமனையாக நடக்கிறது. 1952 முதல் பிறந்த குழந்தைகளுக்கு பி.சி.ஜி. தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள்.

நமக்கு நெருக்கமான ஒரு கண்ணியும் இதில் உண்டு. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளியை மருத்துவமனையில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தாலும் அதே அளவு குணமாகும் என்று நிரூபித்தது. மூச்சுவிட இடமில்லாத வீட்டில் இருந்தபடியே குணமாகலாம் என்பது எவ்வளவு பெரிய செய்தி! அந்த ஆய்வை நடத்திய வாலஸ் ஃபாக்ஸ் பின்னர் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றத்தின் காசநோய்ப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அந்தப் பிரிவு ஹாங்காங்கிலும் தொடர்ந்து ஆய்வுகள் செய்தது. சுகாதாரப் பணியாளரின் கண் முன்னால் நோயாளி மாத்திரையை விழுங்க வேண்டும் என்று இன்று உலகம் பின்பற்றும் முறை முதலில் வடிவம் பெற்றது சென்னையிலும் ஹாங்காங்கிலும்தான். படுக்கைக்கு வழியில்லாத இரண்டு நெரிசல் நகரங்கள் சேர்ந்து கண்ட வழி அது.

1997இல், கோழிகளிடமிருந்து எச்5என்1 பறவைக் காய்ச்சல் மனிதர்களுக்குத் தாவியது. 18 பேருக்கு நோய், 6 சாவு. டிசம்பர் கடைசியில், சில நாட்களுக்குள் ஊரில் இருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் அத்தனையையும் கொன்றார்கள். கடுமையான முடிவுதான். ஆனால் அன்றைக்கு நோய் அத்தோடு நின்றது.

2003இல் வந்த சார்ஸ் என்ற மூச்சுநோய் அப்படி நிற்கவில்லை. பிப்ரவரி மாதம் தென்சீனாவின் குவாங்ஜோவிலிருந்து நோயோடு வந்த மருத்துவர் ஒருவர் கவுலூன் விடுதியின் ஒன்பதாவது மாடியில் ஓரிரவு தங்கினார். அந்த மாடியில் தங்கியிருந்தவர்கள் வழியாக நோய் டொரன்டோ, ஹனோய், சிங்கப்பூர் என்று பறந்தது. ஹாங்காங்கில் 1,755 பேருக்குத் தொற்று. 299 பேர் இறந்தார்கள். அதில் மருத்துவமனை ஊழியர்களும் உண்டு. அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் 329 பேருக்கு நோய் வந்தது. மேலும் கீழுமாக அடுக்கிய வீடுகளில் இத்தனை பேருக்கு எப்படி? விசாரித்தபோது குளியலறைத் தரையில் இருக்கும் வடிகால் துளையில் போய் நின்றது. அந்தத் துளைக்குக் கீழே வளைந்த குழாய் ஒன்று இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றால்தான் சாக்கடைக் காற்று மேலே வராது. தரையைக் கழுவாமல் துடைத்து எடுக்கும் வீடுகளில் அந்தத் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. குளியலறை மின்விசிறி காற்றை இழுத்தபோது, நோயாளியின் கழிவிலிருந்து கிளம்பிய நுண்துளிகள் குழாய் வழியே மற்ற வீடுகளுக்கு ஏறின. அதற்குப் பிறகு ஹாங்காங் வீடுகளில் வாரத்துக்கு ஒருமுறை வடிகால் துளையில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுவது பழக்கமாகிவிட்டது. அடுக்குமாடியில் குடியிருக்கும் யாரும் இதைச் செய்யலாம், காசு செலவில்லை.

சரி, இத்தனை நோய்களைச் சந்தித்த ஊர் எப்படி நீண்ட ஆயுள் பெற்றது? ரகசிய உணவோ தேநீரோ ஒன்றும் இல்லை. முதல் காரணம் புகை. 1982இல் 23 விழுக்காட்டுக்கு மேல் தினமும் புகைபிடித்தார்கள், 2023இல் 9.1 விழுக்காடு. வரியை ஏற்றி, 2007 முதல் உணவகங்களிலும் பணியிடங்களிலும் தடை போட்டு, பல ஆண்டுகள் விடாமல் குறைத்தார்கள். வளர்ந்த உலகில் இவ்வளவு குறைவாகப் புகைக்கும் ஊர்கள் அரிது. அடுத்து, நடை. சொந்தக் கார் வைத்திருப்போர் குறைவு. பயணங்களில் 90 விழுக்காடு ரயில், பேருந்து, டிராம், படகு. எங்கே போனாலும் நிலையம் வரை நடக்க வேண்டும், படி ஏற வேண்டும். காலை ஆறு மணிக்குப் பூங்காக்களில் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் கைகால் வீசிப் பயிற்சி செய்வது அன்றாடக் காட்சி. நெரிசல் இங்கே நன்மை செய்கிறது என்றுகூடச் சொல்வேன்: கடை, மருந்தகம், பேரப்பிள்ளை வீடு எல்லாம் கூப்பிடு தூரத்தில்.

மூன்றாவது, பொது மருத்துவமனை. 1990இல் உருவான மருத்துவமனை ஆணையம் நாற்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளை நடத்துகிறது. உள்நோயாளிச் சிகிச்சையில் ஏறத்தாழ 90 விழுக்காடு அங்கேதான். நாளுக்கு 120 ஹாங்காங் டாலர் கட்டினால் போதும் என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. படுக்கை, அறுவை சிகிச்சை, மருந்து, சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். உண்மைச் செலவில் 97 விழுக்காட்டை அரசு ஏற்றது. பணக்காரர் தனியார் மருத்துவமனைக்குப் போகலாம். ஆனால் மாரடைப்பு வந்தால் அவரும் அரசு மருத்துவமனைக்குத்தான் ஓடுவார். இலவசத்துக்கு அருகில் இருக்கும் மருத்துவமும் தரமாக இருக்க முடியும் என்பதற்கு இது கண்முன் சாட்சி. குறை என்ன? காத்திருப்பு. உயிருக்கு ஆபத்தில்லாத கண் நோய்க்கும் மூட்டு வலிக்கும் நிபுணரைப் பார்க்க ஒன்றரை, இரண்டு ஆண்டுகள்கூட ஆகும். அதற்குள் வலி பழகிவிடும் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறக்காத பிள்ளைகள்

1960களின் தொடக்கத்தில் ஒரு பெண் சராசரியாக ஐந்து பிள்ளைகள் பெற்றார். 1970களில் ‘இரண்டு போதும்’ என்று குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் பிரசாரம் செய்தது. 1981இல் இரண்டுக்கும் கீழே இறங்கியது. 2022இல் 0.7. ஒன்றுகூட இல்லை! அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் 32,500. இறந்தவர்கள் அதைப்போல இருமடங்கை நெருங்கினார்கள்.

இடையில் ஒரு விசித்திரமான காலம் இருந்தது. ஹாங்காங்கில் பிறந்தால் குடியிருப்பு உரிமை கிடைக்கும் என்பதால் சீனத் தாய்மார்கள் எல்லை தாண்டிப் பிரசவத்துக்கு வந்தார்கள். 2011இல் பிறந்த 95,000 குழந்தைகளில் ஏறத்தாழ பாதி அவர்களுடையவை. உள்ளூர்ப் பெண்களுக்கே பிரசவப் படுக்கை கிடைக்கவில்லை என்று கோபம் எழுந்தது. 2013இல் அரசு கதவைச் சாத்தியது. பத்தே ஆண்டில் நிலைமை தலைகீழாகி, 2023 அக்டோபரில் குழந்தை பெற்றால் 20,000 ஹாங்காங் டாலர் தருகிறோம் என்று அறிவிக்க வேண்டிவந்தது. இருபதாயிரம் டாலர் வாடகைக்கே ஓரிரு மாதத்தில் கரைந்துவிடும். எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். அந்த வளைக்கே வழியில்லாத இளைஞர்கள் முப்பத்தைந்து வயதிலும் பெற்றோரோடு இரண்டடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டிருக்கும்போது, தொகையைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பிள்ளை பெற்ற வீடுகளும் தாங்குவது வேறு பெண்களின் தோளில். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவிலிருந்து வந்த வீட்டுப் பணியாளர்கள் 3,50,000 பேருக்கு மேல். குழந்தையைக் குளிப்பாட்டுவதிலிருந்து முதியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிப்போவது வரை இவர்கள் வேலை. வேலை செய்யும் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது விதி. சின்ன வீட்டில் தங்குவது என்றால் சமையலறை ஓரம், அலமாரிக்கு மேல் பலகை, பாட்டியின் அறைத் தரை. 2025 செப்டம்பர் முதல் இவர்களுக்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,100 டாலர். மற்றவர்களுக்கான மணிக்கூலிச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் போக இடமில்லாமல், நிதி மையத்தின் வானளாவிகளுக்குக் கீழே நடைபாதையில் அட்டை விரித்து உட்கார்ந்து, சாப்பாட்டைப் பகிர்ந்து, ஊருக்குப் பேசுவார்கள். ஊரின் ஆயுள் கணக்கில் இவர்கள் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் எத்தனை ஆண்டு உழைத்தாலும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை கேட்க முடியாது என்று 2013இல் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

மக்கள்தொகையை நிரப்ப வேறு வழிகளும் இருக்கின்றன. குடும்பத்தோடு சேர விரும்பும் சீனர்களுக்கு நாளொன்றுக்கு 150 பேர் வரை அனுமதி என்பது 1995 முதல் உள்ள ஏற்பாடு. மறுபக்கம், 2019இன் ஜனநாயகப் போராட்டங்களுக்கும் 2020இல் பெய்ஜிங் கொண்டுவந்த தேசியப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் பிறகு நடுத்தர வயதுக் குடும்பங்கள் பிள்ளைகளோடு கிளம்பின. 2021இல் பிரிட்டன் திறந்த விசா வழியே மட்டும் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். போனவர்களில் செவிலியர்களும் ஆசிரியர்களும் அதிகம். தங்கியவர்களில் பலர் அவர்களின் பெற்றோர்.

வீட்டுப் பணியாளர்களைக் கழித்துப் பார்த்தால் 2021இல் ஐந்தில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். 2046இல் மூவரில் ஒருவருக்கு மேல், 36 விழுக்காடு, அப்படி இருப்பார்கள் என்று அரசே கணித்திருக்கிறது. இவர்களுக்குச் சேமிப்பு? கட்டாய வருங்கால வைப்புத் திட்டம் 2000 டிசம்பரில்தான் தொடங்கியது. ஆலையில் உழைத்த தலைமுறைக்கு அது வந்து சேர்வதற்குள் வேலைக்காலமே முடிந்துவிட்டது. 70 வயதுக்கு மேல் அரசு தரும் சிறு மாதத் தொகையை மக்கள் ‘பழக்காசு’ என்கிறார்கள், பழம் வாங்கத்தான் காணும் என்பதால். முதுகு வளைந்த பாட்டிகள் தள்ளுவண்டியில் அட்டைப்பெட்டி பொறுக்கி எடைக்குப் போடுவது அந்தப் பளபளப்பான தெருக்களில்தான் நடக்கிறது.

நீண்ட ஆயுள் பாதுகாப்பான முதுமையாக மாறவில்லை என்பதைக் கோவிட் ஈவிரக்கமில்லாமல் காட்டியது. 2021 முடிவு வரை ஹாங்காங்கில் கோவிட் சாவு 213 மட்டுமே. எல்லையை அடைத்து, நோயை வெளியே நிறுத்தியிருந்தார்கள். அந்த நிம்மதியில் முதியவர்களுக்குத் தடுப்பூசி போடும் வேலை பின்தங்கிவிட்டது. 80 வயதைத் தாண்டியவர்களில் ஐந்தில் ஒருவர்கூட இரண்டு ஊசி போட்டிருக்கவில்லை. 2022 பிப்ரவரி, மார்ச்சில் ஒமைக்ரான் வேகமெடுத்தபோது சில மாதத்தில் 9,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சில வாரங்கள் உலகிலேயே மிக உயர்ந்த சாவு விகிதம் அங்கேதான். இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், முதியோர் இல்லங்களில் நெருக்கிப் போட்ட கட்டில்களில் இருந்தவர்கள். மருத்துவமனை வாசலில், குளிரில், தள்ளுகட்டில்களில் போர்த்திக்கொண்டு காத்திருந்த முதியவர்களின் படங்கள் அன்று உலகம் முழுக்கச் சுற்றின.

ஏலம் எடுக்க ஆள் இல்லாதபோது

இப்போது நிலத்துக்குத் திரும்பி வருவோம். 2017-18இல் 16,480 கோடி டாலர் தந்த நில வருவாய், 2023-24இல் 2,000 கோடியைக்கூடத் தொடவில்லை. வட்டி ஏறியது, வீட்டு விலை இறங்கியது, ஏலத்துக்கு வந்த நிலங்களைக் கட்டுமான நிறுவனங்கள் சீண்டவில்லை. அந்த ஆண்டு அரசின் பற்றாக்குறை சுமார் 10,000 கோடி டாலர். நோயாளிகள் பெருகும் நேரத்தில் மருத்துவமனைக்குப் பணம் தந்த ஊற்று வற்றிவிட்டது.

அதன் விளைவு 2026 ஜனவரி 1 முதல் மருத்துவமனை ரசீதில் தெரிய ஆரம்பித்தது. அவசரச் சிகிச்சைப் பிரிவின் கட்டணம் 180 டாலரிலிருந்து 400 ஆனது. உயிர் ஆபத்தில் வருவோருக்குக் கட்டணம் இல்லை, ஏழைகளுக்கு விலக்கு உண்டு, ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் யாரும் கட்ட வேண்டாம் என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். கவனமாகத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆனாலும் நெஞ்சுவலி வாயுத்தொல்லையா மாரடைப்பா என்று தெரியாத ஒரு மூதாட்டி, 400 டாலரை நினைத்து விடியட்டும் என்று படுத்துவிடுவாரோ என்ற கவலை எனக்கு உண்டு. வரி உயர்த்தினால் பணம் வெளியேறிவிடும் என்ற பயத்தில், பணக்காரரிடம் கேட்க வேண்டியதை நோயாளியிடம் கேட்கிறார்கள்.

கட்டடங்களுக்கும் வயதாகிவிட்டது. 2025 நவம்பர் 26இல் தாய் போ பகுதியின் வாங் ஃபுக் கோர்ட் குடியிருப்பில் தீ பிடித்தது. 1983இல் அரசு மானியத்தில் கட்டி விற்ற உயரமான கட்டடங்கள் எட்டு. வெளிப்புறப் பழுதுபார்ப்புக்காக மூங்கில் சாரமும் வலையும் சுற்றியிருந்த நேரம். ஏழு கட்டடங்களில் தீ பரவி 150 பேருக்கு மேல் இறந்தார்கள். குடியிருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். எழுபது ஆண்டுக்கு முன் ஒரு தீ பொது வீட்டுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. அந்தத் திட்டத்தில் வீடு வாங்கி, கடன் அடைத்து, அங்கேயே முதுமையடைந்தவர்களை இன்னொரு தீ கொண்டுபோயிற்று.

தொடக்கத்தில் சொன்ன கூறுபோட்ட அறைகளுக்கு 2026 மார்ச் முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இனி வாடகைக்கு விடும் அறை குறைந்தது 8 சதுர மீட்டர் இருக்க வேண்டும். சன்னலும் தனிக் கழிப்பறையும் வேண்டும். வீட்டுக்காரர்கள் திருத்திக்கொள்ளச் சில ஆண்டுகள் அவகாசம் உண்டு. தேவையான சட்டம், தாமதமாக வந்த சட்டம். ஆனால் 8 சதுர மீட்டருக்குக் குறைவான அறைகளில் இன்று இருப்பவர்கள், அந்த அறைகள் மூடப்பட்டதும் எங்கே போவார்கள் என்பதில்தான் இதன் பலன் இருக்கிறது. அரசு வாடகை வீட்டுக்குச் சராசரிக் காத்திருப்பு 2022இல் ஆறு ஆண்டைத் தாண்டியது. இப்போது ஐந்தை ஒட்டி இருக்கிறது. வடக்கே எல்லையோரம் 300 சதுர கிலோமீட்டரில் 25 லட்சம் பேருக்கு ‘வடக்குப் பெருநகரம்’ அமைக்கப்போவதாக 2021இல் அறிவித்தார்கள். வயல்களை மண்கொட்டி நிரப்பும் வேலை நடக்கிறது. இன்று வரிசையில் நிற்கும் எழுபது வயதுக்காரருக்கு அது ரொம்பத் தொலைவு. அவர் ஷாம் ஷுயி போவின் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், ஆறாவது மாடிக்கு, காய்கறிப் பையோடு படியேறிக்கொண்டிருக்கிறார்.